வீட்டிலேயே கார் கட்டலாமா? குவீன்ஸ்டவுனிலிருந்து ஒரு கணக்கு

சனிக்கிழமை மாலை அலெக்சாண்ட்ரா சாலையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா?

ஒரு பக்கம் ஐக்கியா. தட்டையான அட்டைப்பெட்டியில் மேசையை வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய், படத்தைப் பார்த்து ஒவ்வோர் ஆணியாகத் திருகி முடிக்கக் காத்திருக்கும் கூட்டம்.

கொஞ்ச தூரத்தில், அதே சாலையிலும் பக்கத்து லெங் கீ சாலையிலும், கண்ணாடிச் சுவருக்குள் பளபளக்கும் புதிய கார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு கேள்வி வரும். "மேசையைப் பெட்டியில் வாங்கிப் பூட்டலாம்னா, காரையும் அப்படிப் பூட்ட முடியாதா?"

முடியும். உலகின் சில நாடுகளில் 60, 70 ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறார்கள். அதற்குப் பெயர் 'கிட் கார்'.

ஆனால் சிங்கப்பூரில்? குவீன்ஸ்டவுன் கழக வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அது சாத்தியமா? கட்டினால் ஓட்ட விடுவார்களா? பணம் மிச்சமாகுமா?

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிட் கார் என்றால் என்ன?

பாகங்களாக விற்கப்படும் கார். வாங்குபவரே அதைப் பூட்டி முடிக்கவேண்டும்.

இதில் பல வகை உண்டு.

• முழுப் பெட்டி: சேஸி எனப்படும் அடிச்சட்டம், இயந்திரம், கியர்பாக்ஸ், சக்கரங்கள், வயரிங், இருக்கை என்று எல்லாமே வந்துவிடும். பூட்டுவது மட்டும் உங்கள் வேலை.

• பாதிப் பெட்டி: அடிச்சட்டமும் வெளிக்கூடும் வரும். இயந்திரம், கியர்பாக்ஸ், பிரேக் போன்றவற்றை ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுக்கவேண்டும். அந்தப் பழைய காரை 'டோனர் கார்' என்பார்கள். உறுப்பு தானம் மாதிரிதான்.

• பூஜ்யத்திலிருந்து: வரைபடத்தை வைத்துக்கொண்டு இரும்புக் குழாயை வெட்டி, வெல்டிங் செய்து, அடிச்சட்டத்தையே நீங்கள் உருவாக்குவது.

முதல் வகை சில வார வேலை. மூன்றாவது வகை ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

இது எங்கே தொடங்கியது?

மிகவும் பேர்போன கிட் கார், பிரிட்டனின் லோட்டஸ் செவன். கோலின் சாப்மன் வடிவமைத்த அந்தச் சின்ன இரண்டு இருக்கை கார் 1957ஆம் ஆண்டில் அறிமுகமானது.

அப்போது பிரிட்டனில் முழுதாகப் பூட்டிய புதுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. அதனால் கையில் அதிகம் காசு இல்லாத, ஆனால் வேகத்தின்மேல் ஆசை வைத்த இளையர்கள் பெட்டியைத்தான் வாங்கினார்கள்.

பெட்டியோடு 'பூட்டுவது எப்படி' என்ற குறிப்பு கொடுத்தால் வரி கட்டவேண்டியிருந்ததாம். அதனால் 'கழற்றுவது எப்படி' என்ற குறிப்பைக் கொடுத்து, அதைப் பின்னாலிருந்து படிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுவதுண்டு.

1973ல் பிரிட்டன் மதிப்புக்கூட்டு வரிக்கு மாறியபோது அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு லோட்டஸ் செவனைத் தயாரிக்கும் உரிமை கேட்டர்ஹம் நிறுவனத்துக்குக் கைமாறியது. வரிச் சலுகை போன பிறகும் கார் நிற்கவில்லை. அதன் வழித்தோன்றல்களை இன்றும் பெட்டியாக வாங்கலாம்.

அமெரிக்காவில் கதை வேறு. கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964ல் ஃபைபர்கிளாஸில் ஒரு கடற்கரை வண்டியைச் செய்தார். 'மேயர்ஸ் மேங்ஸ்' என்று பேர். பின்னர் வந்த பெட்டிகளை ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் அடித்தளத்தை வெட்டிச் சுருக்கி, அதன்மேல் பூட்டினார்கள்.

ஏன் பீட்டில்? அதன் மேல்கூட்டைக் கழற்றினால் இயந்திரம், சக்கரம், ஸ்டியரிங் எல்லாம் அடித்தளத்தோடு தனியாக நிற்கும். இன்றைய கார்களில் மேல்கூடும் அடிச்சட்டமும் ஒரே துண்டு. கழற்ற முடியாது.

மூன்றாவது ஒரு பெயரும் முக்கியம்: ரோன் சாம்பியன். இங்கிலாந்தின் ஆவுண்டல் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். வெறும் 250 பவுண்டில் விளையாட்டு கார் கட்டலாம் என்று 1996ல் அவர் எழுதிய புத்தகம், உலகம் முழுக்கப் பல வீடுகளின் கராஜ்களில் கிரீஸ் கறையோடு கிடக்கிறது. ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய், பழைய ஃபோர்ட் எஸ்கார்ட் கார் ஒன்று. அவ்வளவுதான் மூலதனம்.

எப்படிக் கட்டுகிறார்கள்?

வெளியே தெரியும் அழகான கூடு கடைசியில்தான் வரும். வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

முதலில் அடிச்சட்டம். மெல்லிய குழாய்களை முக்கோண முக்கோணமாக இணைத்துச் செய்வார்கள். சதுரம் அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. பள்ளியில் படித்த அதே கணக்குதான். அடிச்சட்டம் சில மில்லிமீட்டர் கோணலாக இருந்தாலும், பின்னால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

அடுத்து சஸ்பென்ஷன், ஸ்டியரிங். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதும் தரையை விடாமல் பிடித்திருக்கவேண்டும். இங்கே ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு இறுக்கவேண்டும் என்று ஓர் அளவு உண்டு. 'டார்க் ரெஞ்ச்' என்ற கருவியால் அளந்துதான் இறுக்கவேண்டும். "நல்லா டைட்டா இருக்கு" என்று கை சொல்வதை நம்பக்கூடாது. குறைவாக இறுக்கினால் கழன்றுவிடும். அளவுக்குமேல் இறுக்கினால் போல்ட்டு உள்ளுக்குள் நீண்டு, பலவீனமாகி, ஒருநாள் உடையும்.

பிறகு பிரேக். பிரேக் குழாய்க்குள் ஓடுவது எண்ணெய் மாதிரியான ஒரு திரவம். அதற்குள் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டாலும், நீங்கள் மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமல் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே வீணாகும். மிதி பஞ்சு மாதிரி உள்ளே போகும். அதனால் ஒவ்வொரு சக்கரமாகக் காற்றை வெளியேற்றவேண்டும். இந்தத் திரவம் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் மூடியைத் திறந்து வைத்தால் அதன் தரம் கெடும்.

அதற்குப் பின் இயந்திரமும் கியர்பாக்ஸும். நூறு கிலோவுக்குமேல் எடையுள்ள பொருளைச் சிறு கிரேனில் தொங்கவிட்டு, சில சென்டிமீட்டர் இடைவெளியில் இறக்கவேண்டும். ஒருவர் மட்டும் செய்யக்கூடாத வேலை.

கடைசியாக வயரிங். பலர் பாதியில் கைவிடுவது இங்கேதான். விளக்கு, ஹாரன், எரிபொருள் பம்ப், இயந்திரக் கணினி எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கம்பி. ஒரு கம்பி கூர்மையான விளிம்பில் உரசிக்கொண்டே இருந்தால், ஆறு மாதம் கழித்து அது தீவிபத்தாக மாறலாம்.

முழுப் பெட்டியாக வாங்கும் கேட்டர்ஹமைப் பூட்ட 80 முதல் 100 மணி நேரம் ஆகும் என்பது பொதுவான கணிப்பு. வார இறுதிகளில் மட்டும் வேலை செய்தால் மூன்று, நான்கு மாதம்.

ஐக்கியா மேசை ஆடினால் காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கலாம். காருக்கு அந்த வசதி கிடையாது.

குவீன்ஸ்டவுனில் எங்கே வைத்துக் கட்டுவது?

முதல் முட்டுக்கட்டை இதுதான். கராஜ் இல்லை.

எலிசபெத் அரசியார் முடிசூடிய 1953ஆம் ஆண்டில் பெயர் பெற்ற குவீன்ஸ்டவுன், சிங்கப்பூரின் முதல் துணை நகரம். ஸ்டர்லிங் சாலையில் அபூர்வமாகச் சில கழகத் தரைவீடுகள் உண்டு. மற்றபடி இங்கே வாழ்க்கை என்பது புளோக், மின்தூக்கி, பொதுத் தாழ்வாரம்தான்.

வீட்டுக்குள்? கேட்டர்ஹம் போன்ற மிகச் சிறிய காரே சுமார் 1.6 மீட்டர் அகலம். வாசல் கதவு அதைவிடக் குறுகல். உள்ளே கட்டினால் வெளியே வராது.

தாழ்வாரத்தில்? சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் விதிப்படி, தீவிபத்தின்போது ஆட்கள் தப்பிக்கத் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் வழி இருக்கவேண்டும். செருப்பு அலமாரிக்கே கணக்குப் பார்க்கும் இடத்தில் கியர்பாக்ஸை வைக்க முடியாது.

கார்ப்பேட்டையில்? மாதாந்திர நிறுத்தச் சீட்டு வாங்க வாகனப் பதிவு எண் வேண்டும். இன்னும் கட்டி முடிக்காத காருக்குப் பதிவு எண் ஏது? தவிர, வெல்டிங் பொறியும் பெட்ரோல் ஆவியும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மிச்சம் இருப்பது தொழிற்பேட்டையில் பட்டறை இடத்தை வாடகைக்கு எடுப்பது. ஆக, 'வீட்டிலேயே கட்டுவது' என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது. மாத வாடகையும் கணக்கில் ஏறிவிடுகிறது.

சரி, கட்டியாச்சு. சாலையில் ஓட்டலாமா?

இரண்டாவது முட்டுக்கட்டை, முதலாவதைவிடப் பெரியது.

சிங்கப்பூர்ச் சாலையில் ஓடும் எந்தக் காரும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். பதிவுக்குமுன், அந்த மாதிரி பாதுகாப்பு, புகை வெளியேற்றம், சத்தம் ஆகியவற்றுக்கான தரநிலைகளுக்கு உட்பட்டது என்று ஆவணங்களோடு காட்டவேண்டும்.

பெட்ரோல் கார்களுக்கு 2017 செப்டம்பரிலிருந்து யூரோ 6 தரநிலை நடப்பில் உள்ளது. அதை நிரூபிக்க ஆய்வுக்கூடத்தில் சோதனை நடத்தவேண்டும். ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கார் செய்யும் நிறுவனம் அந்தச் செலவை எல்லாக் கார்களுக்கும் பகிர்ந்துவிடும். ஒரே ஒரு கார் செய்யும் உங்களுக்கு முழுச் செலவும் அந்த ஒரு காரின் தலையில்தான்.

'டோனர்' கார் வழியும் சுலபமில்லை. இறக்குமதியாகும் பழைய கார் மூன்று ஆண்டுக்குள் பதிவானதாக இருக்கவேண்டும். ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தால் பதிவு கிடைக்காது.

"ஏற்கெனவே என்னிடம் இருக்கும் காரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால்?" என்று கேட்கிறீர்களா?

ஆணையம் மாற்றங்களை மூன்றாகப் பிரிக்கிறது. சிலவற்றுக்கு அனுமதி தேவையில்லை. இயந்திரத்தை மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு முன்அனுமதி வேண்டும். சில மாற்றங்கள் அறவே கூடாது. சட்டவிரோதமாக மாற்றியமைப்பவருக்கு அபராதமோ சிறையோ விதிக்கப்படலாம். மீண்டும் அதே குற்றம் செய்தால் தண்டனை கூடும்.

எவ்வளவு செலவாகும்?

அனுமதி கிடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். காரின் பாகங்கள், கப்பல் கட்டணம், காப்புறுதி எல்லாம் சேர்த்து வெளிச்சந்தை மதிப்பு 30,000 வெள்ளி என்று ஓர் உதாரணம்.

• வெளிச்சந்தை மதிப்பு: 30,000 வெள்ளி
• உற்பத்தி வரி, 20 விழுக்காடு: 6,000 வெள்ளி
• பொருள், சேவை வரி, 9 விழுக்காடு: 3,240 வெள்ளி
• கூடுதல் பதிவுக் கட்டணம்: 34,000 வெள்ளி
• பதிவுக் கட்டணம்: 350 வெள்ளி

இதுவரை 73,590 வெள்ளி.

கூடுதல் பதிவுக் கட்டணம் எப்படி 34,000 ஆனது? முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000க்கு 140 விழுக்காடு என்று படிப்படியாக ஏறும். 80,000 வெள்ளிக்கு மேற்பட்ட தொகைக்கு 320 விழுக்காடு.

இதற்குமேல் சிஓஇ எனப்படும் வாகன உரிமைச் சான்றிதழ். 1990லிருந்து நடப்பில் உள்ள இந்த ஏலமுறையில், விலை மாதத்துக்கு இருமுறை மாறும். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவில் 106,000 வெள்ளியையும், பெரிய கார்களுக்கான 'பி' பிரிவில் 150,001 வெள்ளியையும் தொட்டது. நம் கணக்குக்கு 100,000 வெள்ளி என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் 173,590 வெள்ளி.

இதில் நீங்கள் உங்கள் கையால் பூட்டும் பொருளின் மதிப்பு, ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மீதி எல்லாம் வரி, கட்டணம், சான்றிதழ்.

இங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. பிரிட்டனில் அந்தக் காலத்தில் காரைப் பூட்டும் கூலியும் வரியும்தான் மிச்சமானது. அதுதான் கிட் கார் பிறந்த காரணமே. சிங்கப்பூரில் காரின் விலையைத் தீர்மானிப்பது பூட்டும் கூலி அல்ல, சாலையில் இருக்கும் இடம். நீங்களே பூட்டினாலும் அந்த இடத்தின் விலை குறையாது.

2021ல் அறிமுகமான கேட்டர்ஹம் 170ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 660 சிசி சுஸுகி இயந்திரம். எடை சுமார் 440 கிலோதான், சாதாரணக் குடும்பக் காரில் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் சான்றிதழ் ஏலம் எடை பார்ப்பதில்லை. இயந்திரக் கொள்ளளவையும் விசையையும்தான் பார்க்கும். அந்தக் குட்டிக் காரும் குடும்பக் காரும் ஒரே 'ஏ' பிரிவில்தான் நிற்கும்.

மற்ற நாடுகள் எப்படி விடுகின்றன?

பிரிட்டனில் ஒரே ஒரு கார் கட்டியவருக்கென்றே தனிச் சோதனை உண்டு. 2009லிருந்து நடப்பில் உள்ள இந்தத் தனி வாகன அங்கீகாரச் சோதனையில் பிரேக், விளக்கு, கண்ணாடி, சத்தம், புகை எல்லாம் பார்ப்பார்கள். பாதசாரியைக் கிழிக்கும்படி வெளியே கூர்மையான விளிம்பு இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்ப்பார்கள். பாகங்களின் வயதைத் திட்டமாகச் சொல்ல முடியாத காருக்கு 'கியூ' என்று தொடங்கும் எண் கிடைக்கும்.

ஆஸ்திரேலியாவிலும் தனிநபர் கட்டிய வாகனத்துக்கு வழி உண்டு. அங்கே பொறியாளர் சான்றிதழ் வாங்கவேண்டும்.

இந்தியாவில் நிலைமை நம்முடையதைப் போன்றது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு மாதிரியும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆம் விதிப்படி அங்கீகரிக்கப்பட்ட ஆய்வு நிலையத்தில் தேறவேண்டும். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றிய வாகனத்தைப் பதிவு செய்யக்கூடாது என்று 2019 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கோயம்புத்தூரில் நடந்தது

அனுமதி இல்லாமல் நின்றுபோன கார் என்றால் தமிழர்களுக்கு ஒரு பெயர் நினைவுக்கு வரும்: ஜி.டி. நாயுடு.

கோயம்புத்தூர் அருகே கலங்கல் கிராமத்தில் 1893ல் பிறந்தவர். 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். பிறகு மின்மோட்டார், மின்சாரச் சவரக்கத்தி என்று கையில் கிடைத்ததையெல்லாம் பிரித்துப் பார்த்து, புதிதாகச் செய்தார்.

1952ல் இரண்டு பேர் போகக்கூடிய ஒரு பெட்ரோல் கார் அவர் பட்டறையில் தயாரானது. விலை 2,000 ரூபாய். ஆனால் அரசாங்கம் தயாரிப்பு உரிமம் தரவில்லை, உற்பத்தி நின்றது என்று அவரது வாழ்க்கை வரலாறு சொல்கிறது. கோயம்புத்தூர் அவினாசி சாலையில் அவர் குடும்பத்தார் நடத்தும் கார் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

அதே ஊரில் இன்னொருவர் வேறு வழி கண்டார். எஸ். கரிவரதன். சாலைக்கு அனுமதி கேட்கவில்லை. பந்தயத் தடத்துக்குக் கார் கட்டினார்.

1980களின் இறுதியில், மாருதி 800 காரின் 796 சிசி இயந்திரத்தை எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தய கார்களை உருவாக்கினார். வெளிநாட்டுப் பந்தய கார் வாங்க வசதியில்லாத இளையர்கள் அதில் பழகினார்கள். கரிவரதன் 1995ல் விமான விபத்தில் இறந்தார். கோயம்புத்தூருக்கு வெளியே செட்டிபாளையத்தில் 2003ல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இந்தியப் பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களோடு ஃபார்முலா பாரத் போட்டியில் மோதுவதும் அங்கேதான்.

நாயுடுவின் கதையும் கரிவரதனின் கதையும் சேர்ந்து சிங்கப்பூருக்கும் ஒரு விடை சொல்கின்றன.

அப்படியென்றால் சிங்கப்பூரில் யாருமே கார் கட்டுவதில்லையா?

கட்டுகிறார்கள். அதுவும் குவீன்ஸ்டவுனிலேயே.

நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். குவீன்ஸ்டவுன் என்பது மார்கரெட் டிரைவும் தங்ளின் ஹால்ட்டும் மட்டுமல்ல. கென்ட் ரிட்ஜில் இருக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும், டோவரில் இருக்கும் சிங்கப்பூர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியும் அந்த எல்லைக்குள்தான் வருகின்றன.

தேசியப் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்கள், ஃபார்முலா எஸ்ஏஇ என்ற அனைத்துலக மாணவர் போட்டிக்காகக் கார் கட்டி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள்.

இந்தப் போட்டியில் வேகம் மட்டும் போதாது. மொத்தம் 1,000 புள்ளி. அதில் வடிவமைப்பை நடுவர்முன் விளக்குவதற்கு 150, செலவுக் கணக்குக்கு 100, வணிகத் திட்டத்துக்கு 75. சுமார் 22 கிலோமீட்டர் ஓடும் தாக்குப்பிடிக்கும் பந்தயத்துக்கு 275. ஆக, காரைக் கட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. ஏன் அப்படிக் கட்டினோம் என்று சொல்லவும் தெரியவேண்டும்.

தொழில்நுட்பச் சோதனையில் தேறாத கார் தடத்தில் இறங்கவே முடியாது. பிரேக் சோதனையில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளவேண்டும்.

டோவரில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் 'சன்ஸ்பெக்' என்ற சூரியசக்தி கார்களைக் கட்டி, ஆஸ்திரேலியாவின் டார்வினிலிருந்து அடிலெய்ட் வரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் உலகச் சூரியசக்தி கார்ப் போட்டிக்குப் போனார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் 2015ல் முப்பரிமாண அச்சில் செய்த கூட்டோடு ஒரு குட்டிச் சூரியசக்தி காரைக் காட்டினார்கள்.

கார் கட்டுவது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. அப்பர் புக்கிட் தீமா சாலையில் 1941ல் திறந்த ஃபோர்ட் தொழிற்சாலைதான் தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலை. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ல் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்ததும் அதே கட்டடத்தில்தான். பெட்டிகளில் வந்த பாகங்களைச் சேர்த்துக் காராக்கும் வேலை போருக்குப் பிறகும் தொடர்ந்து, 1980ல் நின்றது. 2023 நவம்பரில் ஜூரோங்கில் ஹியுண்டேயின் புத்தாக்க நிலையம் திறந்தபோது, சிங்கப்பூரில் மீண்டும் கார் உருவாகத் தொடங்கியது.

ஆசை இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

மாணவராக இருந்தால்: உங்கள் கல்வி நிலையத்தின் கார்க் குழுவில் சேருங்கள். பட்டறை, கருவி, காப்புறுதி, சொல்லித்தர ஆள் எல்லாம் இருக்கும் ஒரே இடம் அதுதான். பொறியியல் மாணவராக இல்லாவிட்டாலும் செலவுக் கணக்கு, ஆதரவாளர் தேடல், காணொளி என்று வேலை இருக்கும்.

முறையாகக் கற்க விரும்பினால்: தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் வாகனத் தொழில்நுட்பப் படிப்புகள் உள்ளன.

பழைய காரைப் புதுப்பிக்க விரும்பினால்: 35 வயதைத் தாண்டிய கார்களுக்கு 'கிளாசிக்' திட்டம் உண்டு. ஆண்டுக்கு 45 நாள் மட்டும் ஓட்டலாம். செலவு அதிகம். ஆனால் கழற்றி, துடைத்து, பூட்டும் சுகம் அதே சுகம்தான்.

தடத்தில் மட்டும் ஓட்ட விரும்பினால்: சாலைக்கு வராத பந்தய காருக்குச் சாலைப் பதிவு வேண்டாம். மலேசியாவின் சிப்பாங் தடத்துக்குப் போகும் சிங்கப்பூரர்கள் உண்டு. ஆனால் தடத்துக்கும் பாதுகாப்பு விதிகள் உண்டு.

வீட்டில் வேண்டாம் என்று சொல்லவேண்டிய ஒன்றும் உண்டு. கார் முடியாது என்பதால் சிலர் மின்சைக்கிளிலும் மின்ஸ்கூட்டரிலும் கை வைக்கிறார்கள். வேகத்தைக் கூட்ட மின்கலத்தை மாற்றுகிறார்கள். மின்சைக்கிளின் மோட்டார் 250 வாட்டையும், மோட்டார் உதவியோடு போகும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரையும் தாண்டக்கூடாது என்பது விதி. விதியைவிட முக்கியம், பொருந்தாத மின்கலம் இரவில் வரவேற்பறையில் மின்னூட்டத்தில் இருக்கும்போது தீப்பிடித்தால், ஒரே வழி வாசல் வழிதான் என்பது.

விதி தடையா, காவலா?

"எல்லாத்துக்கும் விதி வெச்சா, இளையர்கள் எப்படிக் கத்துக்குவாங்க?" நியாயமான கேள்வி. நாயுடுவின் கார் நின்ற கதையைப் படிக்கும்போது அந்த ஆதங்கம் வரத்தான் செய்யும்.

இன்னொரு பக்கமும் உண்டு. நீங்கள் கட்டிய காரில் நீங்கள் மட்டும் போவதில்லை. காமன்வெல்த் அவென்யூவில் பச்சை விளக்குக்குக் காத்து நிற்கும் பாட்டியும், உங்கள் பிரேக் குழாய்க்குள் காற்றுக் குமிழி இல்லை என்று நம்பித்தான் சாலையைக் கடக்கிறார். அவர் உங்களைப் பார்த்ததுகூட இல்லை. அந்த நம்பிக்கைக்கு யாராவது கையெழுத்துப் போடவேண்டும்.

பிரிட்டனில் அந்தக் கையெழுத்தை ஒரு சோதனை அதிகாரி போடுகிறார். மிச்சிகனில் போட்டி நடுவர் போடுகிறார். சிங்கப்பூரில் ஒற்றைக் காருக்கு அப்படிக் கையெழுத்துப் போடும் எளிய வழி இன்று இல்லை. நம் சாலைகளில் கிட் கார் இல்லாததற்கு, விலைக்கு அடுத்த காரணம் இதுதான்.

சுருக்கமாக

• கிட் கார் என்பது பாகங்களாக வாங்கி நீங்களே பூட்டும் கார்.
• கழக வீட்டில் கட்ட இடமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.
• சிங்கப்பூரில் பதிவு செய்ய, பெரிய நிறுவனங்களுக்குள்ள அதே தரநிலைகளை எட்டவேண்டும்.
• பணம் மிச்சமாகாது. விலையில் பெரும்பகுதி வரியும் வாகன உரிமைச் சான்றிதழும்தான்.
• கார் கட்டும் அனுபவம் வேண்டுமானால் வழி உண்டு. குவீன்ஸ்டவுன் எல்லைக்குள்ளேயே, கென்ட் ரிட்ஜிலும் டோவரிலும் மாணவர் பட்டறைகள் அதற்குச் சாட்சி.

அடுத்த தடவை ஐக்கியாவில் மேசை வாங்கிப் பூட்டி முடித்து, கடைசியில் ஒரு திருகாணி கையில் மிஞ்சினால் சிரித்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுங்கள். காரில் மட்டும் ஒரு போல்ட்டு மிஞ்சினால், எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.